மதுரையில் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வந்தால்: முதல் அழைப்பிலிருந்து கடைசி ரசீது வரை

மதுரைக்குக் குடிவந்து ஏழாவது மாதம். விடிகாலை நாலே முக்கால் இருக்கும். காபி டம்ளரை எடுக்கப் போன அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. 108-க்கு அடித்தேன். "எந்த மாசி வீதி சார்?" என்று நிதானமாகத்தான் கேட்டார்கள். பதற்றத்தில் "மேல மாசி வீதி" என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீடு இருப்பது தெற்கு மாசி வீதிச் சந்தில். வண்டி அங்கே தேட, நாங்கள் இங்கே காத்திருந்தோம். பொறுமை போய், ஆட்டோ பிடித்து அருகிலிருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மாற்ற ஒரு தனியார் வண்டி, அதற்கு முன்னால் பில், பில்லுக்கு முன்னால் காகிதம் என்று காலை எட்டு மணியாகிவிட்டது.

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அன்று அவரை ஏற்றிக்கொண்டு வாகனம் சாலையில் ஓடியது மொத்தமே இருபது நிமிடம்தான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் முகவரியிலும் கவுன்டரிலும் போனது. அந்த நேரத்தை நீங்களும் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. எந்த எண்?

உயிருக்கு ஆபத்து என்றால் 108. நெஞ்சு வலி, பக்கவாதம், மூச்சுத் திணறல், விபத்து, பிரசவ வலி, பாம்புக்கடி, தீக்காயம், விஷம் எல்லாவற்றுக்கும் இதே எண்தான். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. அழைப்புக்கும் காசு இல்லை, வண்டிக்கும் காசு இல்லை, வண்டியில் தரும் ஆக்ஸிஜனுக்கும் ஊசிக்கும் காசு இல்லை. யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

112-க்கு அடித்தாலும் உதவி கிடைக்கும். போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான எண் அது. திருமங்கலம், மேலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் விபத்து என்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணும் உண்டு. ஆனால் ஒரே விபத்துக்கு ஐந்து பேர் ஐந்து எண்ணுக்கு அடித்து ஐந்து விதமாக இடம் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். ஒருவர் அழையுங்கள், மற்றவர்கள் அடிபட்டவரைப் பாருங்கள்.

மாதாந்திர செக்கப்புக்குப் போக, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர 108-ஐக் கூப்பிடாதீர்கள். உங்கள் பகுதியில் நிற்கும் வண்டியை நீங்கள் பிடித்துக்கொண்டால் அடுத்த தெருக்காரருக்கு இன்னொரு ஊரிலிருந்து வண்டி வர வேண்டியிருக்கும்.

2. இடம் சொல்வது

இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். நான் தவறியது இங்கேதான்.

108 அழைப்பை எடுப்பவர் மதுரையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. மாநிலம் முழுக்க ஒரே கட்டுப்பாட்டு அறை, அது சென்னையில் இருக்கிறது. அவருக்கு நம்ம ஊர் முக்கு, சந்து தெரியும் என்று நினைத்துப் பேசாதீர்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: மாவட்டம், வட்டம், பகுதி, தெரு, அடையாளம். "மதுரை மாவட்டம், வாடிப்பட்டி வட்டம், சோழவந்தான், இன்ன தெரு, இன்ன கோயில் பக்கம்" என்று வரிசையாகச் சொன்னால் அவர் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம் உண்டு. திசையையும் வீதியையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். திசை மாறினால் கோயிலுக்கு அந்தப் பக்கம், வீதி மாறினால் உள்சுற்றிலிருந்து வெளிச்சுற்று. அண்ணா நகர், காந்தி நகர் போன்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊரில் இருக்கும், அதனால் பக்கத்துப் பெரிய பெயரையும் சேருங்கள். "மெயின் ரோட்டுல" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அடையாளம் இரவிலும் கண்ணில் படுவதாக இருக்கட்டும். மூடிய கடைப் பெயர் விடிகாலையில் உதவாது. பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., கோயில் வளைவு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் நல்லது.

அடுத்து நோயாளியைப் பற்றிக் கேட்பார்கள். வயது, ஆணா பெண்ணா, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, ரத்தம் போகிறதா. "முதல்ல வண்டிய அனுப்புங்க, அப்புறம் கேளுங்க" என்று நானும் கத்தினேன். எந்த வண்டியை அனுப்புவது என்பதே அந்தப் பதிலை வைத்துத்தான். சாதாரண வண்டி போதுமா, வென்டிலேட்டர் உள்ளதா, பச்சைக் குழந்தைக்கான வண்டியா என்று முடிவு செய்வார்கள். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

பிறகு வண்டி ஓட்டுநரே உங்கள் எண்ணுக்குக் கூப்பிடுவார். பைலட் என்பார்கள். அந்த போனில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்கு பிஸி என்றுதான் வரும். உறவினர்களுக்கு வேறு போனில் சொல்லுங்கள்.

3. வண்டி வரும் வரை

ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள், செல்போன் டார்ச்சோடு. இன்னொருவர் சந்தில் நிற்கும் வண்டிகளை நகர்த்தட்டும். எங்கள் சந்தில் ஏழு டூவீலர், எல்லாம் ஹேண்டில் பூட்டு போட்டு நின்றன, நடுவில் ஒரு இஸ்திரி வண்டி. பக்கத்து வீட்டு அண்ணன்கள் மூன்று பேர் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கித் திருப்பி வைத்தார்கள். இதை ஆள் ஏறும் நேரத்தில் செய்தால் பத்து நிமிடம் போய்விடும்.

மாடி வீடு, குறுகலான படி என்றால் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கையில்லாத மர நாற்காலி ஒன்றை எடுத்து வையுங்கள். முடியுமென்றால் நோயாளியை அதில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, இருவர் இறக்கலாம். விழுந்து அடிபட்டவரையும் விபத்தில் சிக்கியவரையும் இப்படித் தூக்கக் கூடாது; கழுத்து, முதுகெலும்பு அசையக் கூடாது. அவர்களை வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் வந்து தூக்கட்டும்.

வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அத்தை ஒருவர் சோடாவோடு வந்து நின்றார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று தடுத்தேன்.

கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. தூக்கத்தில் வந்திருந்தால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லாதீர்கள்.

வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகு, என்னைப் போல ஆட்டோ பிடித்து ஓடாதீர்கள். வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பைலட்டிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய மஞ்சப்பை

ஒரு மஞ்சப்பையில் இவற்றைப் போட்டு பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்: ஆதார் நகல் இரண்டு, ரேஷன் கார்டு நகல் இரண்டு, காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. கொஞ்சம் சில்லறைப் பணம், ஒரு சார்ஜர். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைப் பட்டியலின் முதல் வரியிலேயே பெரிதாக எழுதுங்கள். காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் வைத்தியத்தையே மாற்றிவிடும் தகவல் அது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993-இல் கேட்கலாம். இதில் நேரம் பிடிப்பது வருமானச் சான்றுதான். ஆள் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது அதற்காக அலைவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

5. 108-இல் ஏறிய பிறகு

கூட ஒருவரைத்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். நோயாளியின் மருந்து விவரம் தெரிந்தவர் ஏறட்டும். நன்றாக அழுபவரை ஏற்ற வேண்டாம்.

எந்த மருத்துவமனை என்பதை மருத்துவ உதவியாளர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார். அருகில் இருப்பதைவிட, அந்த நோய்க்கு வசதி இருப்பதுதான் முக்கியம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டியில் அரசு மருத்துவமனைகள் உண்டு. அங்கே முதலில் நிலைப்படுத்திவிட்டு மதுரைக்கு அனுப்புவதும் உண்டு. "நேரா மதுரைக்கே போங்க" என்று சண்டை போடாதீர்கள். நாற்பது கிலோமீட்டர் ஓடும் வழியில் மூச்சு நின்றுபோவதைவிட வழியில் ஒரு இடத்தில் நிறுத்திச் சரிசெய்து போவது நல்லது.

பெரியாஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனை பனகல் சாலையில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இல்லை. ஏறும்போதே "எந்த வாசல், எந்த பிளாக்" என்று கேட்டு, பின்னால் வரும் ஆளுக்குச் சொல்லிவிடுங்கள். என் தம்பி அரைமணி நேரம் வேறொரு வாசலில் மஞ்சப்பையோடு நின்றான்.

6. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு

சாலையில் நேரம் போவதைவிட இங்கேதான் அதிகம் போகும். கீழே சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் போகிற இடத்தில் படுக்கை இருக்கிறதா என்பது. ஐ.சி.யு. படுக்கை, வென்டிலேட்டர் தேவை என்றால் இங்கிருக்கும் மருத்துவரே அங்கிருக்கும் மருத்துவரிடம் பேசட்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பரிந்துரைக் கடிதம். மேல்சிகிச்சைக்காக மருத்துவமனையே அனுப்பினால் கடிதத்தில் அப்படியே எழுதியிருக்க வேண்டும். "எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியாகக் கொடுத்த மருந்தும் அதைக் கொடுத்த நேரமும் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் படம், அது பதிந்த குறுந்தகடு, ஈ.சி.ஜி. தாள், ரத்த முடிவு எல்லாம் கையில் வரட்டும். ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். இல்லையென்றால் அங்கே மறுபடி எடுப்பார்கள், மறுபடி நேரம், மறுபடி காசு.

மூன்றாவது பில். நாலாவதுதான் வண்டி. நான் இதை மாற்றிச் செய்தேன். வண்டியை முதலில் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே பில் போட ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். காத்திருந்த நேரத்துக்கும் வாடகை கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். பில் கடைசி வரிக்கு வந்ததும் வண்டியைக் கூப்பிட்டால் போதும்.

மேல்சிகிச்சை மாற்றத்துக்கு 108-உம் வரும், ஆனால் மருத்துவமனைதான் கேட்க வேண்டும், பரிந்துரைக் கடிதம் இருக்க வேண்டும். "108 கேட்டுப் பாருங்க டாக்டர்" என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். நான் கேட்கவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

தனியார் வண்டி என்றால் வாடகையை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: ஊருக்குள் குறைந்தபட்சம் எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, போகவர இரண்டுக்குமா, காத்திருப்பு மணிக்கு எவ்வளவு, ஆக்ஸிஜன் தனியா, நர்ஸ் அல்லது டெக்னீஷியன் வந்தால் எவ்வளவு, இரவுக் கட்டணம் உண்டா. பெரும்பாலும் போகவரக் கணக்குதான். மதுரையிலிருந்து உசிலம்பட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்றால் 80-க்குக் காசு. சென்னை என்றால் ஏறத்தாழ 460, கணக்கு 920. மொத்தத் தொகையை வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பேச்சோடு விடாதீர்கள். டோல்கேட் காசு என்று தனியாகப் போட்டால் கேள்வி கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸுக்கும் அமரர் ஊர்திக்கும் சுங்கக் கட்டணம் கிடையாது. நோயாளியை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

ஏறுவதற்கு முன் வண்டிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தத்தைக் கிலோவில் காட்டும் ஒரு முள் இருக்கும். வண்டிகளில் வழக்கமாக இருக்கும் பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர், முள் 150-ஐக் காட்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம், 5 லிட்டர் என்றால் 300 நிமிடம். எங்கள் வண்டியில் முள் 40-க்குக் கீழே கிடந்தது. நகருக்குள் என்பதால் தப்பித்தோம். அதே முள்ளோடு திருச்சிக்குக் கிளம்பியிருந்தால் கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் தீர்ந்திருக்கும். வழியில் ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு ஆக்ஸிஜன் இருக்கட்டும்.

சின்ன மாருதி ஆம்னி வேனில் நோயாளி படுத்தால் பக்கத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்காரவும் இடம் இருக்காது. நிலையாக இருப்பவருக்கு அது போதும். மூச்சுக்குப் போராடுபவருக்கு ஆகாது. "அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க, எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு" என்று ஓட்டுநர் வழியில் சொன்னால், முடிவு செய்த இடத்துக்கே போகச் சொல்லுங்கள்.

அவசரமில்லாத மாற்றம் என்றால் காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்புங்கள். எட்டரை மணிக்குக் கோரிப்பாளையத்தில் சைரனுக்கும் வழி கிடைப்பது கஷ்டம். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் இருப்பதால் அந்தப் பக்க வண்டிகள் தல்லாகுளம் வரை வேகமாக வந்துவிடும், பிறகு ஊர்ந்துதான் வர வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் தல்லாகுளம், தமுக்கம், கோரிப்பாளையம் மூன்றும் ஜனத்தால் நிறைந்துவிடும். அந்த நாள்களில் எந்த வழி திறந்திருக்கிறது என்று பைலட்டுக்குத் தெரியும், வழி சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம்.

7. விபத்து என்றால்

போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவர்களைக் காக்கிறது. பயப்படாமல் தூக்கிப் போங்கள்.

2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. மத்திய அரசும் 2025 மே மாதம் 'சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம்' கொண்டுவந்தது: அங்கீகரித்த மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. முன்பணம் கேட்டால் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். எண் போடுவார்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எப்.ஐ.ஆர்., இழப்பீட்டு வழக்கு, காப்பீடு மூன்றுக்கும் அதுதான் வேர். இடம், நேரம், வண்டி எண் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

8. பின்னால் வருபவரும் முன்னால் போகிறவரும்

ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டலாம், ஒருவழிப் பாதையில் எதிரே வரலாம், உரிய கவனத்தோடு. அந்தச் சலுகை அந்த வண்டிக்கு மட்டும்தான். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டும் உறவினரின் பைக்குக்கு இல்லை. நிதானமாக வாருங்கள். நீங்கள் வருவதற்குள் அங்கே நடக்க வேண்டியது நடந்திருக்கும்.

நீங்கள் சாலையில் இருக்கும்போது சைரன் கேட்டால் இடதுபுறம் ஒதுங்குங்கள். நடுவில் பிரேக் போட்டு நின்றுவிடாதீர்கள், அது இன்னும் மோசம். வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூடச் சேர்ந்து வரலாம். காலியாக இருப்பதுபோல் தெரியும் ஆம்புலன்ஸ் சைரனோடு போனாலும் வழிவிடுங்கள். அது இன்னொரு வீட்டு வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

9. வீடு திரும்பும்போது

அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசம். துக்கம் நேர்ந்துவிட்டால், அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் பேரம் பேசத் தெம்பு இருக்காது, வாசலில் கேட்கிற காசைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இந்த எண்ணைப் போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

தனியார் காப்பீடு இருந்தால் ஆம்புலன்ஸ் செலவும் கேட்கலாம், உச்சவரம்பு இருக்கும். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் ஒருமுறை சேர்க்கைக்கு 2,000 ரூபாய். ரசீதில் எண், தேதி, நோயாளி பெயர், வண்டி எண், எங்கிருந்து எங்கே, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய தொகை மட்டும். அதற்கு ஒரு பைசாகூட வரவில்லை. பணம் கொடுக்கும் அதே நிமிடத்தில் ரசீதைக் கேளுங்கள், மறுநாள் போனை எடுக்க மாட்டார்கள்.

10. சுவரில் ஒட்டும் சீட்டு

எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. மேலே 108. கீழே: மதுரை மாவட்டம், மதுரை தெற்கு வட்டம், தெற்கு மாசி வீதி, சந்தின் பெயர், கதவு எண், முனையில் இருக்கும் கோயிலின் பெயர். அடுத்த வரி: வண்டி சந்து முனை வரைதான் வரும், ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும். அப்புறம் அம்மாவின் வயது, மூன்று மாத்திரைகளின் பெயர், மஞ்சப்பை எங்கே தொங்குகிறது என்பது. யார் வீட்டில் இருந்தாலும் பார்த்துப் படித்தால் போதும்.

முதலில் பேனாவால் சின்னதாக எழுதி ஒட்டியிருந்தேன். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து உற்றுப் பார்த்தார். "கண்ணாடி போடாமத் தெரியணும்டா, இன்னும் பெருசா எழுது" என்றார். மார்க்கர் வாங்கி வந்து மறுபடி எழுதி ஒட்டினேன்.